தருமபுரியில் ஒரு ஞாயிறு வகுப்பு: கர்சர் தெளிந்தது, கர்சர் வேண்டாத இடம் தெரியவில்லை

காவேரிப்பட்டணம் அருகே ஒரு மாங்கூழ் ஆலையின் கணக்குப் பிரிவில் வேலை பார்க்கிறேன். பெங்களூரா மாங்காய் வரத்து தொடங்கிவிட்டால் எடைச்சீட்டுகள் குவிந்துவிடும் என்பதால், விவசாயி வாரியாக முன்பணத்தைக் கழித்து நிலுவை போடும் வேலையை எக்செலிலிருந்து எஸ்க்யூஎல் சர்வர் என்னும் தரவுத்தள மென்பொருளுக்கு மாற்ற எண்ணி, தருமபுரியில் ஒரு பயிற்சி மையத்தில் 8 ஞாயிற்றுக்கிழமைகள் படித்தேன்.

கர்சர் என்பது அட்டவணையின் வரிகளை ஒவ்வொன்றாக எடுத்து வேலை செய்யும் முறை. அந்தப் பாடத்தை ஆசிரியர் நடத்திய விதத்துக்கே கட்டணம் தகும். டிக்ளேர் (அறிவிப்பது), ஓப்பன் (திறப்பது), ஃபெட்ச் (அடுத்த வரியை எடுப்பது), குளோஸ் (மூடுவது), டீஅலோகேட் (கர்சரையே நீக்குவது) என்னும் ஐந்தையும் எழுதிக் காட்டிவிட்டு, வரிகள் தீரும்வரை திரும்பத் திரும்ப ஓடும் வைல் லூப்பின் உள்ளே கடைசி வரியாக இருக்கும் இரண்டாவது ஃபெட்ச்சை வேண்டுமென்றே அழித்து ஓடவிட்டார். திரையில் ஒரே விவசாயியின் பெயர் முடிவில்லாமல் வந்துகொண்டிருந்தது. வரி கிடைத்தால் 0, வரிகள் தீர்ந்தால் -1 என்று காட்ட வேண்டிய ஃபெட்ச் ஸ்டேட்டஸ், அடுத்த வரியை யாரும் எடுக்காததால் 0-விலேயே நின்றுவிட்டது என்பதை நாங்களே கண்டுபிடிக்கும்வரை அவர் வாய் திறக்கவில்லை. நிறுத்திவிட்டு மறுபடி ஓட்டியபோது, அந்தப் பெயரில் கர்சர் ஏற்கெனவே இருக்கிறது என்ற பிழை வந்தது. டீஅலோகேட் வரிக்குப் போய்ச் சேராமலே நிறுத்தியதன் விளைவு அது. இதை இனி மறக்க மாட்டேன்.

12 பேருக்கு 7 கணினிகள்தான். சான்றிதழுக்குத் தனியாகப் பணம் கேட்டதைச் சேரும்போதே சொல்லியிருக்கலாம்.

பெரிய குறை வேறு. கர்சரை எங்கே தவிர்க்க வேண்டும் என்று ஒரு வார்த்தைகூடச் சொல்லித் தரவில்லை. ஆலையில் சுமார் 14,000 சீட்டுகளுக்கு அன்றன்றைய நிலுவையைக் கர்சர் வைத்து வரிவரியாகப் போட்டபோது, நான் தேநீர் குடித்துத் திரும்பியும் அது முடிந்திருக்கவில்லை. ஓசூரில் வேலை பார்க்கும் சித்தப்பா மகன் அதைப் பார்த்துவிட்டு, "எதுக்குண்ணா ஒவ்வொண்ணா எடுக்கறீங்க, மொத்தமா கேளுங்க" என்று, கூட்டித் தரும் சம் உடன், எந்த வரிசையில் கூட்ட வேண்டும் என்று சொல்லும் ஓவர் சேர்த்து ஒரே குவெரியாக (தரவுத்தளத்திடம் கேட்கும் கட்டளையாக) எழுதித் தந்தான். சில நொடிகளில் முடிந்தது. இப்படி வரிசைப்படி கூட்டிக்கொண்டே போவது எஸ்க்யூஎல் சர்வரின் 2012 பதிப்பிலிருந்தே உள்ள வசதி. ஒரே விவசாயிக்கு ஒரே நாளில் இரண்டு லோடு வந்தால், தேதியை மட்டும் வைத்து வரிசைப்படுத்தும்போது இரண்டு சீட்டிலும் ஒரே நிலுவை விழும். வரிசையில் சீட்டு எண்ணையும் சேர்க்க வேண்டும் என்பதை ஒரு விவசாயி கணக்குக் கேட்டு வந்த பிறகே உணர்ந்தேன்.

ஆனாலும் கற்றது வீண் போகவில்லை. ஒவ்வொரு வரிக்கும் ஒரு ஸ்டோர்டு புரொசீஜரை (தரவுத்தளத்திலேயே சேமித்து வைத்த நிரலை) தனியாக அழைக்கும் இடங்களில் கர்சரைத்தான் இன்றும் வைத்திருக்கிறேன், லோக்கல் ஃபாஸ்ட் ஃபார்வர்டு (அந்த நிரலுக்குள் மட்டும் இருக்கும், முன்னோக்கி மட்டுமே படிக்கும் வகை) என்று அறிவித்து.

சேர நினைப்பவர்கள், பாடத்திட்டத்தில் ஓவர் இருக்கிறதா என்று பணம் கட்டும் முன்பே கேட்டுவிடுங்கள். காலையில் சற்று முன்னதாகப் போனால் ஜன்னலோரக் கணினி கிடைக்கும், மற்றவை மெதுவானவை.