ஈ.சி.ஆர். நர்சரியின் சக்குலென்ட் இலைப் பொட்டலம்: 150 ரூபாய்க்கு வாங்கலாமா?

சென்னையில் உத்தண்டி பக்கம் ஈ.சி.ஆரில் (கிழக்குக் கடற்கரைச் சாலை) சாலையோரம் இருக்கும் நர்சரிகளில் ஒன்றில், பச்சை வலைக்கு அடியில் மேசை போட்டு சக்குலென்ட் (தடித்த இலையில் தண்ணீரைச் சேர்த்து வைக்கும் செடி) இலைகளைப் பொட்டலமாக விற்கிறார்கள். இலையை வேர் விட வைத்து நாமே செடியாக்கிக்கொள்ளலாம். கலந்த வகையில் இருபது இலை, கூடவே ஒரு சின்னப் பை மண் கலவை, மொத்தம் 150 ரூபாய். ஒரு செடிக்கே 250, 300 கேட்கும் ஊரில் இது நல்ல விலை. என் வீடு மேடவாக்கத்தில் மூன்றாவது மாடி. கிழக்கு பார்த்த பால்கனி, பத்து மணி வரைக்கும் வெயில் விழும். அங்கே வளர்த்துப் பார்த்ததைத்தான் எழுதுகிறேன்.

முதலில் பாராட்ட வேண்டியது, இலையைப் பறித்திருக்கும் பக்குவம். தண்டோடு ஒட்டியிருக்கும் வெளுத்த அடிமுனை முழுசாக வந்தால்தான் அதிலிருந்து வேரும் குருத்தும் வரும். பாதியில் ஒடிந்த இலை அழுகிப் போகும், இல்லை காய்ந்து போகும். இவர்கள் கொடுத்த கோஸ்ட் பிளான்ட் என்ற சக்குலென்ட் வகையின் இலைகளில் ஒன்றில்கூட முனை சிதையவில்லை. பொட்டலத்தைக் கட்டிக் கொடுத்த அக்கா, "போனதும் மண்ணுல வெச்சுடாதம்மா. நாலு நாள் நிழல்ல போட்டு வை, காயம் ஆறட்டும்" என்று சொல்லித்தான் கையில் கொடுத்தார். அந்த ஒரு வார்த்தைக்கே பாதிப் பணம் கொடுக்கலாம்.

காயம் ஆறிய இலைகளைப் புதைக்காமல் மண்மேல் சும்மா படுக்க வைத்தேன். இரண்டு மூன்று வாரத்தில் முனையிலிருந்து மெல்லிய இளஞ்சிவப்பு வேர்கள் வெளியே வந்து மண்ணைத் தேட ஆரம்பித்தன. அதன் பிறகு மிளகளவில் ஒரு குருத்து. கிட்டே குனிந்து பார்த்தால் அந்த அளவிலேயே இலைகள் அடுக்கடுக்காக, பெரிய செடியில் இருக்கும் அதே ஒழுங்கில் இருக்கின்றன. தாய் இலை சுருங்கச் சுருங்க குட்டி பருக்கிறது. அந்த இலை தானாக உதிரும்வரை கை வைக்காதீர்கள், அதிலிருக்கும் தண்ணீர்தான் குட்டிக்குச் சாப்பாடு.

பொட்டலத்தில் இருந்த இன்னொரு சக்குலென்ட் வகையான எச்சிவீரியா வேறு கதை. அதுவும் வேர் விட்டது, குட்டியும் போட்டது. ஆனால் அக்னி நட்சத்திரத்தில் பெரும்பாலானவை நீர்கோத்து, தொட்டால் கூழாகக் கையோடு வந்தன. இதற்கு நர்சரியைக் குறை சொல்ல மாட்டேன். எச்சிவீரியா பெரும்பாலும் மெக்சிகோவின் மலைப்பகுதிச் செடி. பெரும்பாலான சக்குலென்ட்கள் பகல் வெயிலில் இலைத் துளைகளை மூடிக்கொண்டு, இரவில் திறந்துதான் கார்பன்-டை-ஆக்சைடை எடுத்துக்கொள்ளும். அதனால் இரவு குளிர வேண்டும். நம் ஊர் மே மாத இரவுப் புழுக்கம் நமக்கே தாங்கவில்லை. ஆகவே பொட்டலம் வாங்கும்போது, இந்த இலை எந்தச் செடியிலிருந்து வந்தது, அந்தச் செடி போன கோடையை இங்கேயே கழித்ததா என்று கேளுங்கள். இங்கே கேட்டால் பின்பக்கம் கூட்டிப்போய்த் தாய்ச்செடியையே காட்டுகிறார்கள். நான் திரும்பத் திரும்ப இங்கேயே போவதற்கு இதுதான் காரணம். மேற்கு வங்காளத்து மலை ஊரான காலிம்பாங்கிலிருந்து வந்து இறங்கியதை அப்படியே அடுக்கி விற்கும் கடைகளில் இந்தப் பதில் கிடைக்காது.

குறைகளும் உண்டு. மஞ்சள் கரை போட்ட ஸ்நேக் பிளான்டின் (வாள் மாதிரி நிமிர்ந்து நிற்கும்) இலையைத் துண்டு துண்டாக வெட்டிப் போடுகிறார்கள். எது மேல், எது கீழ் என்று ஒரு அடையாளமும் இல்லை. தலைகீழாக நட்டால் அது வேர் விடாது. அதோடு, துண்டிலிருந்து வரும் குட்டியில் அந்த மஞ்சள் கரை வராது, வெறும் பச்சையாகத்தான் வரும். கரை வேண்டுமென்றால் கிழங்கோடு பிரித்துத்தான் நட வேண்டும். இதைச் சொல்லாமல் விற்பது சரியில்லை.

மண் கலவையும் தேறாது. பெரும்பகுதி கோகோபீட், அதாவது தேங்காய் நார்த்தூள். நம் காற்றில் இருக்கும் ஈரத்துக்கு அது காயவே காயாது. நான் அதை ரோஜாத் தொட்டிக்குப் போட்டுவிட்டு, செம்மண், பெர்லைட் (எடையில்லாத வெள்ளைப் பொரிகல்), தூசி போக அலசிய எம்-சாண்ட் (கல்லை உடைத்துச் செய்யும் மணல்) மூன்றையும் சமமாகக் கலந்துகொண்டேன். கடற்கரை மணல் மட்டும் வேண்டவே வேண்டாம், உப்பு. தொட்டிக்கு அடியில் தட்டும் வைக்காதீர்கள். தேங்கும் தண்ணீரில் வேர் அழுகும், கொசுவும் முட்டை வைக்கும், மாநகராட்சிக்காரர்கள் வந்து கேட்டால் பதில் சொல்ல வேண்டியிருக்கும்.

ரணகள்ளி இலை ஒன்று இலவசமாகப் போடுகிறார்கள். அதற்கு எந்தப் பக்குவமும் தேவையில்லை, ஓரத்துப் பள்ளங்களில் தானாகக் குட்டி போடும்.

வாங்குவதென்றால் பொங்கல் முடிந்ததும் போங்கள். ஐப்பசி, கார்த்திகை மழையில் இலை வாங்கினால் பூஞ்சைதான் மிஞ்சும். ஞாயிறு மாலையில் கூட்டம் அதிகம், அக்காவிடம் நின்று பேச முடியாது. பிளாஸ்டிக் கவரில் இறுக்கிக் கட்டித் தருவார்கள், வழியிலேயே உள்ளே வேர்த்துவிடும். ஒரு காகிதப் பையைக் கையோடு கொண்டுபோய் அதில் போடச் சொல்லுங்கள்.