பிரேக் பிடித்தால் நடுங்கிய மின்சாரக் கார்: குன்னூர் மலைப்பாதையில் ஐந்து ஆண்டுகள்

குன்னூரில் வசிக்கும் நான், வாரம் ஒருமுறையேனும் கோயம்புத்தூர் சென்று திரும்ப வேண்டியவன். அதற்காக வாங்கிய மின்சாரக் காருக்கு ஐந்து வயது முடிந்துவிட்டது. இதுவரை அறுபதாயிரம் கிலோமீட்டர் ஓடியிருக்கிறது. பேட்டரியைப் பற்றியோ மோட்டாரைப் பற்றியோ குறை சொல்ல எனக்கு ஒன்றுமில்லை. என்னை அலைக்கழித்தது, எல்லாக் கார்களிலும் இருக்கும் சாதாரண பிரேக்தான்.

ஏறத்தாழ 42,000 கிலோமீட்டர் ஓடியிருந்த சமயத்தில், கல்லாறு தாண்டிச் சமவெளிச் சாலையில் வேகமெடுத்த பின் பிரேக்கை மிதித்தபோது, ஸ்டியரிங் இடமும் வலமுமாக நடுங்கியது. மிதியும் காலுக்கடியில் துடித்தது. மலைப்பாதையில் முப்பது கிலோமீட்டர் வேகத்தில் இறங்கிவந்தவரை எதுவும் தெரியாததால், கோளாறு அன்றுதான் தொடங்கியது என்று நினைத்துக்கொண்டேன். உண்மையில் அது பல மாதங்களாக வளர்ந்து வந்திருக்க வேண்டும். அறுபதுக்கு மேல் வேகம் இருந்தால்தான் இந்த நடுக்கம் கைக்கு எட்டும்.

முதலில் செலவழித்தது வீணாயிற்று. மேட்டுப்பாளையத்தில் வீல் பேலன்சிங்கும் அலைன்மென்ட்டும் செய்தேன், பலனில்லை. விற்பனை நிறுவனத்தின் சர்வீஸ் நிலையத்தில், மின்சார வண்டிகளில் இது இயல்புதான் என்று சொல்லி, பேட்களை, அதாவது சக்கரத்தோடு சுழலும் டிஸ்க் என்ற இரும்புத் தட்டை இருபுறமும் அழுத்திப் பிடிக்கும் கட்டைகளை, கழற்றித் துடைத்து மாட்டினார்கள். இரண்டே வாரத்தில் நடுக்கம் திரும்பியது. இயல்பு என்றால் முதல் மூன்று ஆண்டுகள் அது எங்கே போயிருந்தது என்று கேட்டதற்கு அங்கே பதில் கிடைக்கவில்லை.

பிறகு நானே ஒரு சோதனை செய்து பார்த்தேன். காரமடைப் பக்கம் நேரான, ஆளில்லாத சாலையில் எழுபது கிலோமீட்டர் வேகத்தில் ஆக்சிலரேட்டரிலிருந்து காலை எடுத்து, ரீஜென் (மோட்டாரே ஜெனரேட்டராக மாறி, வேகத்தைக் குறைத்துப் பேட்டரிக்கு மின்சாரம் அனுப்பும் ஏற்பாடு) மட்டுமே வண்டியைத் தடுக்கும்படி விட்டேன். சிறு அதிர்வும் இல்லை. அதே வேகத்தில் கியரை நியூட்ரலுக்கு மாற்றி, மிதியை மட்டும் மிதித்தேன்; நடுக்கம் உடனே வந்தது. நியூட்ரலில் என் வண்டியின் ரீஜென் வேலை செய்யாது; எனவே டிஸ்க்கும் பேட்டும் மட்டுமே அப்போது வண்டியை நிறுத்துகின்றன. டயரோ மோட்டாரோ காரணமாக இருந்தால் முதல் சோதனையிலும் நடுங்கியிருக்கும். ஸ்டியரிங்கில் தெரிந்ததால் முன் சக்கரங்கள்தான் என்பதும் ஏறக்குறைய உறுதியாயிற்று.

கோயம்புத்தூரில், டிஸ்க் சுழலும்போது பக்கவாட்டில் எவ்வளவு ஆடுகிறது என்று அளக்கும் டயல் கேஜ் வைத்திருந்த ஒரு மெக்கானிக்கிடம் வண்டியை ஒப்படைத்தேன். இடப்பக்க டிஸ்க்கின் ஆட்டம் 0.03 மில்லிமீட்டர், வலப்பக்கத்தில் 0.12. அவர் டிஸ்க்கைக் கழற்றியபோது, அது ஹப்பின்மீது (சக்கரத்தைத் தாங்கிச் சுழலும் நடுப்பகுதி) பதியும் முகப்பில் துரு செதிள் செதிளாகப் படிந்திருந்தது. அதைச் சுரண்டிச் சுத்தம் செய்து மாட்டியதும் ஆட்டம் 0.05 ஆகக் குறைந்தது. ஆனால் மைக்ரோமீட்டரால் எட்டு இடங்களில் அளந்தபோது, டிஸ்க்கின் தடிமன் இடத்துக்கு இடம் 0.03 மில்லிமீட்டர் வரை வேறுபட்டது. தலைமுடியில் பாதிகூட இல்லாத இந்த வேறுபாடே மிதியைத் துடிக்கவைக்கப் போதும். பேட்களை டிஸ்க்கின்மீது அழுத்தும் கவ்வியான காலிப்பரின் நகரும் ஊசிகளில் ஒன்று கிரீஸ் வற்றி இறுகியும் போயிருந்தது. பேட்கள் மட்டும் பாதிகூடத் தேயவில்லை. என் பழைய பெட்ரோல் காருக்கு இதே பாதையில் இருபதாயிரம் கிலோமீட்டருக்கு ஒருமுறை பேட் மாற்றியவன் நான்.

பேட்கள் தேயாத அளவுக்குப் பிரேக்குக்கு வேலை குறைவாக இருந்ததே கோளாறுக்கும் காரணம். பெரும்பாலான நேரம் ரீஜென்தான் வண்டியை நிறுத்துகிறது. குன்னூரின் ஐப்பசி, கார்த்திகை மழையிலும் மூடுபனியிலும் நாள்கணக்கில் நிற்கும் வண்டியின் டிஸ்க்கில் துரு பிடிக்கிறது. பேட் அழுந்தியிருக்கும் இடத்தில் ஒரு விதமாகவும் மற்ற இடங்களில் வேறு விதமாகவும் பிடிக்கிறது. அடிக்கடி பிரேக் பிடித்தால் அது உராய்ந்து போய்விடும். இங்கே அந்த வாய்ப்பு குறைவு.

என் தவறும் ஒன்று உண்டு. வீட்டில் இரவெல்லாம் நூறு சதவீதம் சார்ஜ் ஏற்றிக்கொண்டு காலையில் மலை இறங்குவேன். குன்னூரிலிருந்து மேட்டுப்பாளையத்துக்கு ஏறத்தாழ 1,500 மீட்டர் இறக்கம். 1,600 கிலோ எடையுள்ள வண்டி அவ்வளவு இறங்கும்போது வெளிப்படும் ஆற்றல் ஆறரை யூனிட். நிரம்பிய பேட்டரியால் அதை வாங்கிக்கொள்ள முடியாது. ரீஜென் ஒதுங்கிக்கொள்ள, முழுச் சுமையும் டிஸ்க்கின்மேல் விழும். அப்படிச் சூடேறிய நிலையில், பர்லியாறு அருகே யானைகள் சாலையைக் கடப்பதற்காக மிதியை அழுத்தியபடியே பத்து நிமிடம் நின்றதும் உண்டு. சூடான டிஸ்க்கில் பேட்டின் பொருள் ஒரே இடத்தில் ஒட்டிப்போவதற்கு அதுவே போதும். யானை ஆற அமரத்தான் கடக்கும். ஹேண்ட் பிரேக்கைப் போட்டுவிட்டுக் காலை எடுத்திருக்கலாம்.

டிஸ்க்குகளை லேத்தில் கடையலாமா என்று யோசித்தோம். ஒரு பக்கத்தில் துரு குழி விழுந்து ஆழமாக இருந்ததால், முன் டிஸ்க் இரண்டையும் பேட்களையும் புதிதாகவே போட்டோம். ஊசிகளுக்குப் புதிய கிரீஸ், புது பிரேக் ஆயில், கூலி எல்லாம் சேர்த்துப் பதினோராயிரம் ரூபாய் ஆயிற்று. போல்ட்டுகளை எதிரெதிராக, டார்க் ரெஞ்சால் அளவாக முடுக்கியது எனக்குப் பிடித்திருந்தது. காற்றுத் துப்பாக்கியால் தாறுமாறாக முடுக்கினாலும் டிஸ்க் கோணிக்கொள்ளும்.

அதன்பின் ஒன்றரை ஆண்டில் 18,000 கிலோமீட்டர் ஓட்டிவிட்டேன். இப்போது வீட்டில் எண்பது சதவீதத்துக்கு மேல் சார்ஜ் ஏற்றுவதில்லை. ரீஜெனை உச்சத்தில் வைத்து இறங்கினால், மேட்டுப்பாளையத்தில் எண்பத்தெட்டு காட்டும். வாரம் ஒருமுறை சமவெளியில், பின்னால் வண்டி வராத இடமாகப் பார்த்து, நியூட்ரலில் ஐந்தாறு முறை மிதமாகப் பிரேக் பிடித்து டிஸ்க்கைத் தேய்த்துவிடுகிறேன். இறக்கத்தில் இதை ஒருபோதும் செய்யக்கூடாது. மழையில் நனைந்த வண்டியையும் வீட்டுக்கு அருகே இரண்டு மூன்று முறை மெல்லப் பிரேக் பிடித்து உலர்த்திய பிறகே நிறுத்துகிறேன்.

நான்கு நாள் நின்ற வண்டியை எடுக்கும்போது முதல் சில மிதிகளில் கரகரவென்ற சத்தம் இன்றும் வருகிறது. சந்து திரும்புவதற்குள் அடங்கிவிடுகிறது. சென்ற மாதம் அளந்தபோது வலப்பக்க ஆட்டம் 0.04, அதே பக்கத்து ஊசியில் மட்டும் கிரீஸ் மறுபடி வற்றத் தொடங்கியிருந்ததால், அதன் ரப்பர் உறையையும் சேர்த்து மாற்றச் சொல்லியிருக்கிறேன்.