மிரளும் நாய்க்கு மூன்று பட்டை ஹார்னஸ்: வாங்கலாம், இடுப்பை அளந்துவிட்டு

தெருவிலிருந்தோ காப்பகத்திலிருந்தோ எடுத்து வளர்க்கும் நாய் வேட்டுச் சத்தம் கேட்டால் எப்போதும் முன்னால் பாய்வதில்லை. பல நேரம் நம்மைப் பார்த்தபடியே பின்னுக்கு இழுக்கும், தலையைத் தாழ்த்தும், கழுத்துப் பட்டை காதைத் தாண்டி உருவிக்கொண்டு வந்துவிடும். கழுத்தோடு மார்பையும் சுற்றி மாட்டும் சாதாரண இரண்டு பட்டை ஹார்னஸுக்கும் இதே கதிதான். முழங்கையை மடக்கிப் பின்வாங்கினால் சில நொடிகளில் வெளியே வந்துவிடும். சித்திரை, ஆடி என்று ஊருக்கு ஊர் கோயில் கொடை விழா நடக்கும் நெல்லைச் சீமையில் மைக் செட்டும் மேளமும் வேட்டும் எந்தத் தெருவிலிருந்து கிளம்பும் என்று சொல்ல முடியாது. ஒருமுறை கைவிட்டுப் போன பயந்த நாய், கூப்பிடும் குரலுக்கும் பயந்து இன்னும் தூரம் ஓடும். அதனால்தான் மூன்றாம் பட்டை உள்ள ஹார்னஸை வாங்கச் சொல்கிறோம்.

இதில் கழுத்துக்கு ஒன்று, மார்புக்கு ஒன்று, விலா முடிந்து இடுப்பு ஒடுங்கும் இடத்துக்கு ஒன்று என மூன்று பட்டைகள். நாய் பின்வாங்கும்போது ஹார்னஸ் முன்னோக்கி நகரும். ஒடுங்கிய இடுப்பில் கட்டிய வளையம் அகன்ற விலாவைத் தாண்ட முடியாமல் நின்றுவிடும்.

குறை இங்கேதான் இருக்கிறது. நம் பக்கத்து நாட்டு நாய்களில் சிப்பிப்பாறை, கன்னி என்ற வேட்டை நாய் இனங்களின் கலப்பு நிறைய. நெஞ்சு ஆழம், இடுப்பு ஒட்டியது, தலை சிறிசு. நெஞ்சளவைப் பார்த்து வாங்கினால் மூன்றாம் பட்டையை முழுக்க இறுக்கினாலும் தொளதொளவென்று தொங்கும். அப்படித் தொங்கினால் அது இருந்தும் பயனில்லை. அளவு அட்டவணையில் இடுப்புப் பட்டையின் குறைந்தபட்ச அளவைத் தேடுங்கள். அது போடாத கடையில் வாங்க வேண்டாம். நாய் நிற்கும்போது அளக்கணும், படுத்திருக்கும்போது அல்ல. போட்டபின் ஒவ்வொரு பட்டைக்கடியிலும் இரண்டு விரல் தட்டையாக நுழைய வேண்டும். மார்புப் பட்டை முழங்கைக்கு மூன்று நான்கு விரல் பின்னால் இருந்தால்தான் அக்குள் உரசிப் புண்ணாகாது. பிறகு கதவை அடைத்துவிட்டு நாய்க்கு எதிரே நின்று கயிற்றை மெதுவாக உங்கள் பக்கம் இழுத்துப் பாருங்கள். பட்டை விலாவைத் தாண்டி வந்தால் அந்த ஹார்னஸோடு தெருவில் இறங்காதீர்கள். பை தைக்கும் கடையில் 25 மி.மீ. நைலான் பட்டையும் கொக்கியும் வைத்துச் சுருக்கித் தைத்துத் தருவார்கள். நைலான் நூலில், சதுரமும் அதற்குள் பெருக்கல் குறியும் போட்டுத் தைக்கச் சொல்லுங்கள். பருத்தி நூல் நனைந்து நனைந்து இற்றுவிடும்.

கழுத்துப் பட்டையிலும் கொக்கி இருக்கிறதா என்று பாருங்கள். தலைவழியே மாட்டும் ரகத்தை மிரளும் நாய் சகிக்காது. தலைக்கு மேல் வரும் கையைப் பார்த்ததுமே உறுமும். உறுமலுக்குத் திட்டினால் அடுத்த முறை உறுமாமல் நேராகக் கடிக்கலாம். கொக்கியின் 'டிக்' சத்தமும் பல நாய்களுக்கு ஆகாது. முதல் சில நாள் ஹார்னஸைச் சாப்பாட்டுத் தட்டுக்குப் பக்கத்தில் கிடத்துங்கள். பிறகு தள்ளி உட்கார்ந்து, கொக்கியை உள்ளங்கைக்குள் பொத்தி ஒரு டிக், உடனே ஒரு துண்டு கோழி. நாய் சத்தத்துக்குத் திரும்பி உங்கள் கையைப் பார்க்கத் தொடங்கிய பிறகுதான் ஹார்னஸை அதன் மேலே வைக்க வேண்டும். கோழியை உப்பும் வெங்காயமும் இல்லாமல் அவித்து, கொண்டைக்கடலை அளவுக்கு நறுக்கினால் போதும். கருவாட்டுக்கு ஓடி வரும்தான், ஆனால் உப்பு அதிகம், தவிர்த்துவிடுங்கள்.

கயிறு மாட்ட மார்பில் உள்ள முன்வளையம், முன்னால் இழுக்கும் நாய்க்கு நல்லது. பயந்த நாயை அது வெடுக்கென்று பக்கவாட்டில் திருப்பிவிடும், பயம் கூடும். முதுகு வளையத்திலேயே மாட்டுங்கள். இரண்டு மீட்டர் சாதாரணக் கயிறு போதும். பெட்டிக்குள் சுருளும் கயிறு வேண்டவே வேண்டாம். கைதவறினால் அந்தப் பெட்டி தடதடவென்று துரத்திக்கொண்டே வரும், நாய் நிற்காமல் ஓடும்.

ஹார்னஸ் நாயைப் பிடித்து வைக்கும், பயத்தைப் போக்காது. அதற்குத் தூரம்தான் மருந்து. ஆட்டோவுக்கு மிரளும் நாய் என்றால், ஆட்டோ தெரிந்தும் கோழியை வாங்கித் தின்னும் தூரம் எதுவோ அங்கே நில்லுங்கள். உதட்டை நக்குவது, தூக்கம் வராதபோதும் கொட்டாவி விடுவது, கண்ணின் வெள்ளை தெரியப் பார்ப்பது, தீனியை மறுப்பது எல்லாம் கிட்டே வந்துவிட்டோம் என்பதற்கு அடையாளம்; திரும்பி நடந்துவிடுங்கள். வரிசையும் முக்கியம்: ஆட்டோ முதலில் தெரிய வேண்டும், கோழி பிறகு வர வேண்டும். மாற்றிச் செய்தால் கோழியைக் கண்டதுமே 'ஏதோ வரப்போகிறது' என்று நாய் நடுங்கும். நெல்லை டவுன் ரத வீதிகளில் இதைப் பழக்க முடியாது. பெருமாள்புரம், மகாராஜநகர் உள்தெருக்களில் விடியற்காலை ஆரம்பியுங்கள். தெருநாய்க் கூட்டம் படுத்திருக்கும் முனையை முன்கூட்டியே பார்த்து வைத்துக்கொண்டு சுற்றிப் போங்கள். கொடை நாளில் வெளியே கூட்டிப் போக வேண்டாம். உள்ளறையில் ஃபேனைப் போட்டுவிட்டுக் கூட இருங்கள்.

நன்றாக இருந்த நாய் திடீரென்று தொட்டால் சீறினால் பயிற்சியை நிறுத்திவிட்டு, இராமையன்பட்டி கால்நடை மருத்துவக் கல்லூரிக்கோ பக்கத்து மருத்துவரிடமோ காட்டுங்கள். காதுப் புண், மூட்டு வலி, உண்ணிக் காய்ச்சல் எல்லாமே நாயைச் சிடுசிடுக்க வைக்கும். சத்தத்துக்கு மாத்திரை கேட்பவர்கள் ஒன்றைத் தெரிந்துகொள்ளணும்: அசிப்ரோமசின் என்ற மயக்கமூட்டும் மருந்தை மட்டும் கொடுத்தால் உடம்பு அடங்கும், பயம் அடங்காது. பயத்தைக் குறைக்கும் வேறு மருந்துகள் இருக்கின்றன. மருத்துவரிடம் அதைக் குறிப்பிட்டே கேளுங்கள்.

தடித்த பஞ்சு வைத்த ரகம் நம் வெயிலுக்கு ஒத்துவராது. வலைத்துணி உள்ளதே மேல். வீட்டுக்கு வந்ததும் கழற்றி, பட்டை இருந்த இடத்தையும் அக்குளையும் விரலால் முடிக்கு எதிர்த்திசையில் தடவிப் பாருங்கள். உண்ணி அங்கேயும் ஒளியும். நனைந்தால் நிழலில் முழுக்க உலர்த்தியபின்தான் மறுபடி மாட்ட வேண்டும். ஆறு மாதத்துக்குட்பட்ட குட்டிக்கு விலை உயர்ந்தது வாங்காதீர்கள், விரைவிலேயே பத்தாமல் போய்விடும். வளர்ந்த நாய்க்கு வாங்கினால், மாதம் ஒருமுறை வளையத்தைச் சுற்றியுள்ள தையலை இழுத்துப் பாருங்கள். பிரிவது பெரும்பாலும் அங்கிருந்துதான் தொடங்கும்.