காதடிக் கட்டி: ஊசி டெஸ்ட் போதுமா, ட்ரூகட் எடுப்பதா?

பொன்னுக்கு வீங்கி வருமே, காதுக்குக் கீழே அந்த இடத்தில்தான் அம்மாவுக்கு நெல்லிக்காய் அளவில் ஒரு கட்டி. வலி கிடையாது, மெதுவாகத்தான் வளர்ந்தது. பரோட்டிட் என்கிற உமிழ்நீர்ச் சுரப்பிக்குள் இருக்கிறது என்று ஸ்கேனில் தெரிந்ததும் வந்த கேள்வி, மெல்லிய ஊசியில் செல்லை உறிஞ்சிப் பார்க்கும் எஃப்.என்.ஏ.சி. போதுமா, சதைத் துணுக்கே எடுக்கும் ட்ரூகட் பயாப்சிக்குப் போவதா என்பது. கடைசியில் இரண்டும் செய்தோம். இன்று யாராவது கேட்டால் ட்ரூகட் என்றுதான் சொல்வேன்.

எஃப்.என்.ஏ.சி.யைக் குறை சொல்லவில்லை. சில நிமிட வேலை, செலவும் குறைவு. இந்தச் சுரப்பியில் அதிகம் வருகிற பிளியோமார்ஃபிக் அடினோமா என்கிற புற்றுநோய் அல்லாத கட்டி என்றால் பெரும்பாலும் அதிலேயே பிடிபட்டுவிடும். ஆனால் எங்கள் ரிப்போர்ட்டில் 'ஸ்பிண்டில் செல் கட்டி' என்று மட்டும் வந்தது. இரு முனையும் கூர்ந்த நீளமான செல்கள். நரம்புறையில் வரும் ஷ்வானோமாவிலும் அதே உருவம்தான், சுரப்பியிலேயே வரும் மயோஎபிதீலியோமா என்ற கட்டியிலும் அதேதான்.

ட்ரூகட் இங்கேதான் கை கொடுத்தது. மரக்கச் செய்து, அல்ட்ராசவுண்டில் பார்த்துக்கொண்டே எடுத்தார்கள். ஃபார்மலின் பாட்டிலில் சேமியா மாதிரி மூன்று துண்டுகள் கிடந்தன. அதை மெழுகில் பதித்து பிளாக் ஆக்கிவிட்டால் ஒவ்வொரு சீவலிலும் வேறு வேறு சாயம் ஏற்றிப் பார்க்கலாம், வேறு ஊர் பெத்தாலஜிஸ்ட்டிடமும் காட்டலாம். செல்லில் எந்தப் புரதம் இருக்கிறது என்று காட்டும் சாயங்கள் அவை. எஸ்100 நெகட்டிவ், சிடி34 பாசிட்டிவ், ஸ்டாட்6 செல்லின் கருவுக்குள்ளேயே பளிச்சென்று பழுப்பாக. சாலிட்டரி ஃபைப்ரஸ் டியூமர் என்று பெயர் வந்தது. நுரையீரல் உறையில் வருவதாக முதலில் அறியப்பட்ட கட்டி, உமிழ்நீர்ச் சுரப்பியில் அபூர்வம். 12ஆம் குரோமோசோமில் அடுத்தடுத்து இருக்கிற நாப்2, ஸ்டாட்6 என்ற இரண்டு ஜீன்கள் ஒட்டிக்கொள்வதால் இது வருகிறது என்று 2013இல்தான் தெரிந்தது, ஸ்டாட்6 சாயமும் அதற்கப்புறம்தான் புழக்கத்துக்கு வந்தது. உறிஞ்சிய செல்களைத் திரட்டி செல் பிளாக் செய்தும் பார்க்கலாம்தான், செல் போதுமான அளவு வந்திருந்தால்.

முக நரம்பு இந்தச் சுரப்பிக்குள்தான் கிளை பிரிகிறது என்பதால் தடித்த ஊசி என்றதும் எங்களுக்கும் பயம். அம்மாவுக்கு இரண்டு நாள் கன்றிப்போயிருந்தது, அவ்வளவுதான். எங்களுடையது சுரப்பியின் மேல்மடலில், தோலுக்கு அருகிலேயே இருந்தது, ஆழ்மடல் என்றால் ஊசி போகும் வழியே வேறு, அங்கே உங்கள் டாக்டர் சொல்வதைக் கேளுங்கள். கத்தி வைத்துத் திறந்து துணுக்கு எடுக்கலாம் என்று யாராவது சொன்னால் மட்டும் கட்டாயம் இன்னொரு டாக்டரிடம் கேளுங்கள், கட்டியின் செல்கள் சிந்தினால் திரும்ப வரலாம்.

பெயர் முன்கூட்டியே தெரிந்ததால் சர்ஜன் கட்டியை மட்டும் நோண்டி எடுக்காமல், நரம்பைக் காப்பாற்றிக்கொண்டு சுற்றியுள்ள சுரப்பியோடு சேர்த்து எடுத்தார். மயக்கம் தெளிந்ததும் "கண்ணை இறுக்கி மூடுங்கம்மா, பல்லைக் காட்டுங்க" என்றார். இரண்டு பக்கமும் ஒன்றுபோல் வந்தது. இந்தக் கட்டி பல வருடம் கழித்தும் திரும்பலாம் என்பதால் வருடாவருடம் ஸ்கேன் உண்டு. பிளாக் நம்பர் எழுதிய சீட்டை ஃபைலின் முதல் பக்கத்திலேயே ஒட்டி வைத்திருக்கிறேன்.