பழைய பிக்கப் வாங்கும் முன்: கியர்பாக்ஸுக்குப் பயப்படுவதா, ஆக்ஸிலுக்கா?

ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை மச்சான் போன் செய்தார். டாலஸ் பக்கம் சமையல் ஆர்டர் எடுத்து நடத்துகிறார். டிரெய்லர் வாங்கியாகிவிட்டது, அடுப்பு, அண்டா, கேஸ் சிலிண்டர் எல்லாம் ஏற்றினால் 6,000 பவுண்டு வரும். அதை இழுக்க ஒரு பிக்கப் வேண்டும்.

"மாப்ளே, முப்பதாயிரம் டாலர்தான் கையில இருக்கு. நாலு வண்டி பார்த்து வச்சிருக்கேன். கல்யாண வீட்டுக்குப் போற வழியில நிக்கக் கூடாது. எது நிக்காதுன்னு மட்டும் பார்த்துச் சொல்லுங்க."

அவர் பட்டியலில் இருந்தவை ஃபோர்டு எஃப்-150, செவ்ரோலே சில்வராடோ 1500, ராம் 1500, டொயோட்டா டண்ட்ரா. அமெரிக்காவில் இவற்றுக்கு 'அரை டன்' வண்டி என்று பெயர். இழுப்பதென்னவோ அதைப் போலப் பல மடங்கு. எஞ்சின், மைலேஜ், சீட் துணி என்று இந்த நாலையும் ஒப்பிட ஆயிரம் பேர் இருக்கிறார்கள். அதனால் நான் எஞ்சினுக்குப் பின்னால் இருப்பதை மட்டும் எடுத்துக்கொண்டேன்: கியர்பாக்ஸ், அதிலிருந்து பின்பக்கத்துக்குச் சக்தியைக் கொண்டுபோகும் ஷாஃப்ட், பின்சக்கரங்களைச் சுழற்றும் அச்சான பின் ஆக்ஸில். உரிமையாளர் புகார்கள், ரீகால் (கம்பெனியே வண்டியைத் திரும்ப அழைத்துக் குறையைச் சரிசெய்வது) அறிக்கைகள், வழக்குகள் என்று இரண்டு வாரம் ராத்திரி உட்கார்ந்து படித்தேன். தொடங்கும்போது எனக்குப் பயமெல்லாம் ஆக்ஸில்மேல்தான் இருந்தது. முடிக்கும்போது அது கியர்பாக்ஸுக்கு மாறிவிட்டது.

காரணம் எளிது. ஆக்ஸில் போனால் வண்டி நடுரோட்டில் நிற்கும், நிறுத்திய இடத்திலிருந்து உருளும். அது பாதுகாப்புக் குறை. சாலைப் பாதுகாப்பு அமைப்பான என்.எச்.டி.எஸ்.ஏ. கேள்வி கேட்கும், கம்பெனி ரீகால் அறிவிக்கும். முதல் விற்பனையிலிருந்து 15 வருடம் வரை, நீங்கள் எத்தனையாவது கையாக இருந்தாலும், வேலை இலவசம். கியர்பாக்ஸ் உதறினாலோ இடித்தாலோ கதையே வேறு. அது 'ஓட்டும் சுகம்' சம்பந்தப்பட்ட குறையாகிவிடுகிறது. இப்படிச் சரிசெய்யுங்கள் என்று டீலர்களுக்கு ஒரு சர்வீஸ் புல்லட்டின் போகும், அவ்வளவுதான். பவர்டிரெய்ன் வாரன்டி பொதுவாக 5 வருடம் அல்லது 60,000 மைல். அதைத் தாண்டியபின் பில் உங்கள் தலையில். மச்சான் பார்த்த வண்டிகளில் பாதி அந்தக் கோட்டைத் தாண்டியவை.

எஃப்-150

நாலில் அதிகம் விற்கும் வண்டி, அதனால் புகாரும் அதிகம். அதைக் கழித்துக்கொண்டு பார்த்தாலும் இங்கே சரக்கு நிறைய இருக்கிறது.

முதலில் பழைய ஆறு கியர் பெட்டி, 6ஆர்80. ஹைவேயில் போய்க்கொண்டிருக்கிறீர்கள். கியர்பாக்ஸின் வெளிச்செல்லும் ஷாஃப்ட் எவ்வளவு வேகமாகச் சுற்றுகிறது என்று கணினிக்குச் சொல்லும் சென்சரின் சிக்னல் ஒரு கணம் அறுந்துபோகிறது. வண்டி நின்றுவிட்டது என்று நினைத்துக் கணினி நேராக முதல் கியருக்கு இறக்கிவிடுகிறது. 65 மைல் வேகத்தில் முதல் கியர் விழுந்தால் பின்சக்கரம் என்ன பாடுபடும் என்று சொல்லத் தேவையில்லை. 2011 முதல் 2013 வரையிலான மாடல்களில் வட அமெரிக்கா முழுக்கச் சுமார் 14.8 லட்சம் வண்டிகளை ஃபோர்டு 2019 பிப்ரவரியில் திரும்ப அழைத்தது. 2014 மாடலுக்கு அதே குறைக்காக 2024 ஜூனில் இன்னொரு ரீகால், சுமார் 5.5 லட்சம் வண்டிகள். 2015 முதல் 2017 வரையிலான வண்டிக்காரர்களும் இதே புகாரைச் சொல்ல, 2025 மார்ச்சில் என்.எச்.டி.எஸ்.ஏ. விசாரணையைத் தொடங்கியது. ஒரே வியாதிக்கு இரண்டு ரீகால், அதற்கு மேல் ஒரு விசாரணை. ஆனாலும் கவனியுங்கள்: இது கியர்பாக்ஸ் குறைதான், சக்கரம் வழுக்கும் ஆபத்து இருந்ததால் மட்டுமே ரீகால் கிடைத்தது.

2017 மாடலில் வந்த பத்து கியர் பெட்டி, 10ஆர்80, அந்த அதிர்ஷ்டம் இல்லாதது. ஃபோர்டும், செவ்ரோலேயின் தாய்க் கம்பெனியான ஜெனரல் மோட்டார்ஸும் (ஜிஎம்) சேர்ந்து உருவாக்கியது இது. இதில் சி, டி, எஃப் என்று மூன்று கிளட்ச்சுகளைத் தாங்கும் ஒரு உருளை உண்டு. அதற்குள் அழுத்திப் பொருத்திய புஷ் என்னும் வளையம் நாளடைவில் இடம் நகர்கிறது. நகர்ந்தால் எண்ணெய் போகும் வழி பிசகி, கிளட்ச்சுக்கு வேண்டிய அழுத்தம் கிடைப்பதில்லை. ஓட்டுபவருக்குத் தெரிவது வேறு: சிக்னலில் மெதுவாக வந்து நிற்கும்போது பின்னாலிருந்து யாரோ முட்டியது போல ஒரு குத்து, கிளம்பும்போது ஒரு தயக்கம், பிறகு ஒரு இடி. சாஃப்ட்வேர் மாற்றிப் பார்ப்பார்கள். கொஞ்ச நாள் சரியாக இருக்கும். உருளைதான் காரணம் என்றால் பெட்டியை இறக்கிப் பிரித்தே ஆக வேண்டும். பின்னாளில் ஃபோர்டே அந்த உருளையின் வடிவத்தை மாற்றியது. 2017-லிருந்து சில வருட வண்டிகளை வைத்திருப்பவர்கள் 2019-இல் இலினாய் ஃபெடரல் நீதிமன்றத்துக்குப் போனார்கள்.

அடுத்து ஆக்ஸில். 2021 முதல் 2023 வரையிலான வண்டிகளில், அதிக எடை இழுப்பதற்கென்று கூடுதல் காசு கொடுத்து 'மேக்ஸ்' டோயிங் பேக்கேஜ் வாங்கியவர்களுக்கு 9.75 அங்குலப் பின் ஆக்ஸில் வந்தது. ஆக்ஸில் ஷாஃப்ட்டையும் சக்கர ஹப்பையும் இணைத்துப் பிடிக்கும் போல்ட் ஒன்று அதில் களைத்து உடைகிறது. உடைந்தபின் ஷாஃப்ட்டின் பல்லும் ஹப்பின் பல்லும் ஒன்றையொன்று தின்று வழுவழுப்பாகிவிடும். அப்புறம் பி-யில் போட்டு நிறுத்தினாலும் வண்டி நிற்காது, ஏனென்றால் பெட்டிக்கும் சக்கரத்துக்கும் உறவே அறுந்துவிட்டது. 2023 டிசம்பரில் 1,12,965 வண்டிகள் ரீகால். முன்னறிகுறி, பின்பக்கத்திலிருந்து வரும் 'டிக் டிக்' சத்தம். இழுக்கத்தானே கூடக் காசு கொடுத்தோம் என்று அவர்கள் வயிறு எரிவதில் நியாயம் இருக்கிறது.

இது போதாதென்று 2021, 2022 மாடல்களில் 1,84,698 வண்டிகளுக்கு ஷாஃப்ட் ரீகால். வண்டியின் அடிவயிற்றில் ஒட்டியிருக்கும் இன்சுலேட்டர் தொங்கி, சுற்றுகிற அலுமினிய ஷாஃப்ட்டை உரசி, கோடு போட்டு, கடைசியில் முறித்துவிடும்.

இந்த இரண்டு ரீகாலும் முடிந்த வண்டி என்றால் எனக்கு ஆட்சேபம் இல்லை. பத்து கியர் இடி மட்டும்தான் உறுத்துகிறது.

சில்வராடோ

இங்கே ஆக்ஸில் பேச்சு குறைவு. பேச்செல்லாம் 8எல்90 என்ற எட்டு கியர் பெட்டியைப் பற்றித்தான். 2015 முதல் 2019 வரையிலான மாடல்களில் ஒரே சீரான வேகத்தில், ஆக்சிலேட்டரை லேசாக மிதித்துக்கொண்டு போகும்போது வண்டி உதறும். ரோட்டோரத்தில் தூங்குமூஞ்சி டிரைவர்களை எழுப்புவதற்காக வெட்டி வைத்திருக்கும் கோடுகள்மேல் ஏறியது போல ஒரு நடுக்கம். இதற்கு அங்கே 'செவி ஷேக்' என்றே பெயர் வந்துவிட்டது.

குற்றவாளி பெட்டியில் ஊற்றிய எண்ணெய். அது ஈரத்தை உறிஞ்சும். ஈரம் சேர்ந்தால், எஞ்சினின் சுழற்சியைப் பெட்டிக்குக் கடத்தும் டார்க் கன்வெர்ட்டருக்குள் இருக்கும் கிளட்ச் ஒட்டியும் விட்டும் பிடிக்கும். அந்தப் படபடப்புதான் இருக்கை வரை வருகிறது. பிற்பாடு ஜிஎம் எண்ணெயை மாற்றச் சொன்னது: பழையதை முழுக்கக் கழுவி வெளியேற்றிவிட்டு மொபில் 1-இன் புது வகையை ஊற்ற வேண்டும். நிறைய வண்டிகளில் இதிலேயே தீர்ந்தது. அதற்குள் தேய்ந்துவிட்ட கன்வெர்ட்டர்களை எண்ணெய் என்ன செய்ய முடியும்? சுமார் 8 லட்சம் வண்டிகள் சம்பந்தப்பட்ட வழக்கு மிச்சிகனில் தொடங்கி மேல்முறையீடு வரை போனது. 26 மாநில உரிமையாளர்கள் ஒரே கூட்டமாக வழக்காடலாம் என்று 2024-இல் சொன்ன தீர்ப்பை, அதே ஆறாவது சர்க்யூட் மேல்முறையீட்டு நீதிமன்றத்தின் முழு அமர்வு 2025 ஜூனில் ரத்து செய்தது. நான் கியர்பாக்ஸுக்குப் பயப்படச் சொல்வது இதனால்தான். புகார் உண்மை, காரணமும் தெரியும், மருந்தும் தெரியும், ஆனாலும் காசு யார் தருவது என்பதில் பத்து வருடம் ஓடிவிட்டது.

டீசல் சில்வராடோ பார்க்கிறவர்களுக்கு ஒரு வார்த்தை. 2020 முதல் 2022 வரையிலான டீசல் வண்டிகளின் பத்து கியர் பெட்டியில் ஒரு வால்வு தேய்ந்து, பின்சக்கரம் திடீரென்று பூட்டிக்கொள்ளக்கூடும். 2024 இறுதியில் ஜிஎம்மின் பல மாடல்களும் சேர்ந்து 4,61,839 வண்டிகள் ரீகால். தீர்வு, தேய்மானத்தை முன்கூட்டியே கண்டு ஐந்தாம் கியருக்கு மேல் விடாமல் தடுக்கும் சாஃப்ட்வேர். சக்கரம் பூட்டும் என்றதும் ரீகால் எவ்வளவு சீக்கிரம் வந்தது பாருங்கள்.

ராம்

2013 முதல் ராமில் இருப்பது ஜெர்மனியின் இசட்எஃப் கம்பெனி வடிவமைத்த எட்டு கியர் பெட்டி. பிஎம்டபிள்யூவில் இருப்பதும் இதே குடும்பம்தான். ராமுக்கானதில் ஒரு பகுதியை இந்தியானா மாநிலம் கோகோமோவில் லைசென்ஸ் வாங்கிச் செய்கிறார்கள். புகாரே இல்லையா என்றால் இருக்கிறது, ஆனால் 'செவி ஷேக்' மாதிரி பெயர் வாங்கிய வியாதி எதுவும் இல்லை. ஆயுள் முழுக்க எண்ணெய் மாற்ற வேண்டாம் என்று விற்பவர் சொன்னால் தலையாட்டிவிட்டு வந்துவிடுங்கள். பெட்டியைச் செய்த இசட்எஃப்பே 80,000 முதல் 1,20,000 கிலோமீட்டருக்குள் மாற்றச் சொல்கிறது. ஃபில்ட்டர், பெட்டிக்கு அடியில் எண்ணெய் தேங்கும் பிளாஸ்டிக் தட்டோடு சேர்ந்தே வரும், அதனால் தட்டையும் மாற்ற வேண்டும். கொஞ்சம் செலவுதான்.

ராமின் பழி ஆக்ஸிலில். 2009 முதல் 2012 வரையிலான ராம் 1500-உம், அதே கம்பெனியின் அதே காலத்து டகோட்டா பிக்கப்பும் இதில் மாட்டின. பின் ஆக்ஸிலில் கிரவுன், பினியன் என்ற இரண்டு பற்சக்கரங்களில் பினியனை இறுக்கிப் பிடிக்கும் நட்டு இளகிவிடும், ஏனென்றால் அது கழலாமல் இருக்கப் பூச வேண்டிய பசை இல்லை. ஒன்று ஆக்ஸில் இறுகிப் பூட்டும், அல்லது ஷாஃப்ட் கழன்று ரோட்டில் விழும். 2013 பிப்ரவரியில் சுமார் 2.78 லட்சம் வண்டிகள் ரீகால். ரீகால் வேலைகளை இழுத்தடித்ததற்காக 2015 ஜூலையில், அப்போது ராமின் கம்பெனியாக இருந்த ஃபியட் கிரைஸ்லருக்கு 10.5 கோடி டாலர் அபராதம் விழுந்ததே, அந்த 23 ரீகால்கள் கொண்ட பட்டியலில் இதுவும் உண்டு. மச்சான் பார்த்தது 2019 வண்டி. இந்தக் கதை அவரைத் தொடாது. (ராமின் வி8 எஞ்சினான ஹெமியின் சத்தம் பற்றி யாராவது பயமுறுத்துவார்கள். அது தனி அத்தியாயம்.)

டண்ட்ரா

டொயோட்டா என்றதும் கண்ணை மூடிக்கொண்டு வாங்கலாம் என்பார்கள். 2021 வரையிலான ஆறு கியர் டண்ட்ராவுக்கு அது கிட்டத்தட்டப் பொருந்தும், பெட்ரோல் குடிப்பதைப் பொறுத்துக்கொண்டால். 2022-இல் வண்டியே புதிது, பத்து கியர். முதல் வருடமே பின் ஆக்ஸில் நட்டுகள் இளகி ஆக்ஸில் ஷாஃப்ட் பிரிந்து வரலாம் என்று சுமார் 46,000 வண்டிகளைத் திரும்ப அழைத்தார்கள். நியூட்ரலில் போட்டாலும் உள்ளே முழுதாக விடுபடாமல் வண்டி நகர்கிறது என்று 2024 பிப்ரவரியில் டண்ட்ரா, செக்கோயா, லெக்சஸ் எல்எக்ஸ் சேர்ந்து சுமார் 2.8 லட்சம். அதோடு எஞ்சினுக்குள் உலோகத் துகள் என்று இன்னொன்று. முதலிரண்டும் நட்டு முறுக்கியும் சாஃப்ட்வேர் ஏற்றியும் தீர்கிற விஷயம், அதனால் டண்ட்ராவை ஒதுக்கவில்லை. ஆனால் முப்பதாயிரத்துக்குள் நல்ல பழைய டண்ட்ரா கிடைத்தால் எனக்கும் ஒன்று சொல்லுங்கள். விலை இறங்குவதே இல்லை.

மச்சானுக்கு நான் சொன்ன வரிசை இதுதான்: 2019-லும் அதற்குப் பிறகும் வந்த ராம், விலை படிந்தால் பழைய தலைமுறை டண்ட்ரா, எண்ணெய் மாற்றிய ரசீது கையில் இருந்தால் மட்டும் எட்டு கியர் சில்வராடோ, பத்து கியர் எஃப்-150 கடைசியில், அதுவும் வாரன்டி மிச்சம் இருந்தால்.

சனிக்கிழமை இருவருமாகக் கிளம்பினோம். ஒவ்வொரு வண்டிக்கும் உள்ள 17 எழுத்து அடையாள எண்ணான வி.ஐ.என்.-ஐப் போட்டு ரீகால் பாக்கி இருக்கிறதா என்று ஒவ்வொன்றையும் முன்னமே பார்த்தாயிற்று. முதல் வண்டியை (எந்தக் கம்பெனி, எந்தக் கடை என்பது வேண்டாம்) ஐ-35-இல் 50 மைலில் சீராகப் பிடித்துக்கொண்டு ஓட்டச் சொன்னேன். கப் ஹோல்டரில் இருந்த காபியைக் கவனித்தேன். ரோடு வழுவழுவென்று இருந்தது, காபியின் மேல் மட்டும் வட்ட வட்டமாக அலை. மச்சான் காலை எடுத்ததும் அலை நின்றது. மறுபடி லேசாக மிதித்ததும் வந்தது. விற்பனைக்காரர் பின் சீட்டிலிருந்து, "இந்த மாடலே அப்படித்தான் சார், நார்மல்" என்றார். நாங்கள் ஒன்றும் பேசவில்லை. திரும்பி வந்து சாவியைக் கொடுத்துவிட்டு நன்றி சொன்னோம்.

மூன்றாவதாகப் பார்த்தது அந்த ராம். காபி அசையவில்லை. அப்படியே தெரிந்த மெக்சிகோக்கார மெக்கானிக் ஒருவரின் ஷெட்டுக்கு ஓட்டிப்போய், பின் ஆக்ஸில் எண்ணெயை இறக்கிப் பார்க்கச் சொன்னோம். காந்தத்தில் சாம்பல் நிறத்தில் மைபோலப் படிந்திருந்தது. அதை வழித்துக் கட்டைவிரலுக்கும் ஆள்காட்டி விரலுக்கும் நடுவே வைத்துத் தேய்த்தார், சாம்பாரில் உப்பு பார்ப்பது போல அவ்வளவு நிதானமாக. குத்துகிற சில்லு ஏதும் இல்லை. விரலைப் பேன்ட்டில் துடைத்துக்கொண்டு "புவேனோ" (நல்லது) என்றார். மச்சான் அதற்குள் பேங்குக்குப் போன் போட்டுக்கொண்டிருந்தார்.