"இன்சூரன்ஸா, கேஷா?"

தனியார் ஆஸ்பத்திரியில் பெயர், வயது கேட்ட கையோடு கேட்கிற கேள்வி இது. அப்பாவின் ஹெர்னியா ஆபரேஷனுக்குப் போனபோது, "இன்சூரன்ஸ்" என்று கொஞ்சம் பெருமையாகவே சொன்னேன். என் கம்பெனி பாலிசியில் அப்பா அம்மாவுக்கும் சேர்த்து 5 லட்சம் இருந்தது. "ஷேரிங் ரூம் எதுவும் காலியில்லை சார், சிங்கிள்தான் இருக்கு, நாளைக்கு 8,000" என்றார்கள். சரி என்று தலையாட்டினேன். அந்தத் தலையாட்டலின் விலை நான்காம் நாள்தான் தெரிந்தது.

பாலிசியில் அறை வாடகைக்கு வரம்பு அந்த 5 லட்சத்தில் 1 சதவீதம், அதாவது நாளொன்றுக்கு 5,000. நான்கு நாளுக்கு 12,000 கையிலிருந்து போகும், போகட்டும் என்று கணக்குப் போட்டிருந்தேன். பில் 2,34,000. அதில் வாடகை 32,000, டாக்டர், தியேட்டர், நர்சிங் எல்லாம் சேர்த்து 1,50,000, மருந்து 40,000, கையுறை, முகக்கவசம் மாதிரியான சில்லறைச் சாமான்கள் 12,000. காப்பீட்டில் வந்தது 1,53,750. மீதி 80,250 என் தலையில்.

காரணம் இதுதான்: அறை மாறினால் டாக்டர் கட்டணமும் தியேட்டர் கட்டணமும் மாறுகிற ஆஸ்பத்திரிகள் உண்டு. அங்கே வரம்பை மீறிய அறையை எடுத்தால், வாடகையை மட்டும் குறைத்துவிட்டு விடமாட்டார்கள். 8,000 வாடகையில் 5,000, அதாவது எட்டில் ஐந்து பங்குதான் உங்களுக்கு அனுமதி என்றால் அந்த 1,50,000-க்கும் அதே விகிதம்தான், 93,750 கொடுத்தார்கள். மருந்து, ஸ்கேன், உள்ளே பொருத்துகிற கருவிகள் ஆகியவற்றில் இந்த வெட்டு கூடாது என்று காப்பீட்டு ஒழுங்குமுறை ஆணையம் (ஐ.ஆர்.டி.ஏ.ஐ.) விதி வைத்திருக்கிறது. அதனால் அந்த 40,000 தப்பியது. கையுறைக் காசை என் பாலிசி மொத்தமாகக் கழித்துவிட்டது. தனிப் பிரீமியம் கட்டி அதைச் சேர்த்துக்கொள்ளும் வசதி சில பாலிசிகளில் உண்டு.

அன்றிலிருந்து யாராவது "எத்தனை லட்சம் பாலிசி?" என்று கேட்டால் "ரூம் வாடகை வரம்பு என்ன?" என்று திருப்பிக் கேட்கிற ஆளாகிவிட்டேன். கம்பெனி பாலிசி, சொந்த பாலிசி, முதலமைச்சர் காப்பீட்டு அட்டை மூன்றையும் இந்தக் கண்ணோடு பார்ப்போம். 21,000 வரை சம்பளம் வாங்குகிறவர்களின் ஈ.எஸ்.ஐ. தனிக் கதை, அதை இங்கே தொடவில்லை.

கம்பெனி பாலிசியின் பெரிய பலம், பெரும்பாலும் காத்திருப்புக் காலம் கிடையாது. அப்பாவுக்கு சர்க்கரை இருந்தாலும் சேர்ந்த நாளிலிருந்தே செல்லும். பிரசவச் செலவும் அநேகமாக உண்டு. ஆனால் வேலை போன அன்றைக்கு அதுவும் போய்விடும். ஐம்பது வயதில் வேலை போய், கூடவே பிபியும் வந்திருந்தால் என்ன செய்வது? அதே காப்பீட்டு நிறுவனத்தின் தனிநபர் பாலிசிக்கு மாறிக்கொள்ள வழியிருக்கிறது, கம்பெனி பாலிசியில் ஏற்கெனவே கழித்த காலமும் காத்திருப்புக் கணக்கில் வரும். இதை எந்த எச்.ஆரும் தானாகச் சொல்லி நான் கேட்டதில்லை.

சொந்த பாலிசிக்குப் பிரீமியம் நம் கைக்காசு. 2025 செப்டம்பர் 22 முதல் தனிநபர் பாலிசிக்கு 18 சதவீத ஜி.எஸ்.டி. இல்லை என்பது ஒரு ஆறுதல். முதல் 30 நாள் விபத்து தவிர எதற்கும் கிடைக்காது. கண்புரை, ஹெர்னியா, மூட்டு மாற்று போன்றவற்றுக்குப் பெரும்பாலும் 2 வருடம் காத்திருக்க வேண்டும். ஏற்கெனவே உள்ள நோய்க்கு அதிகபட்சம் 3 வருடம் (2024-க்கு முன் 4). அதனால் உடம்பு நன்றாக இருக்கும்போதே எடுப்பதுதான் லாபம். சர்க்கரையை மறைத்து எடுக்கச் சொல்கிற ஏஜெண்டுகள் இருக்கிறார்கள். அவர் கமிஷனோடு போய்விடுவார், கிளெய்ம் மறுக்கப்படும்போது கவுண்டரில் நிற்கப்போவது நீங்கள்தான். 5 வருடம் தொடர்ந்து கட்டிவிட்டால், மோசடி என்று நிரூபித்தால் ஒழிய, மறைத்ததைக் காட்டி மறுக்க முடியாது.

முதலமைச்சர் அட்டையை நடுத்தர வர்க்கத்து ஆட்கள் கொஞ்சம் இளக்காரமாகப் பார்ப்பார்கள். குடும்ப ஆண்டு வருமானம் 1,20,000-க்குள் இருந்தால் வருடத்துக்கு 5 லட்சம், பிரீமியம் ஒரு பைசா கிடையாது, பழைய நோய் புதிய நோய் பேதமும் கிடையாது. எங்கள் அத்தைக்கு அரசு மருத்துவக் கல்லூரி ஆஸ்பத்திரியில் இந்த அட்டையில்தான் இதயத்தில் ஸ்டென்ட் வைத்தார்கள். கூட இருந்தவர்களின் டீ, டிபன், பஸ் காசு தவிர வேறு செலவில்லை. ஒவ்வொரு சிகிச்சைக்கும் இவ்வளவு என்று முன்கூட்டியே தொகை நிர்ணயித்திருப்பதால் என் 8,000 ரூபாய் அறைக் கூத்துக்கு அங்கே இடமில்லை. குறை என்னவென்றால், பட்டியலில் உள்ள சிகிச்சைக்கு மட்டும்தான், பட்டியலில் உள்ள ஆஸ்பத்திரியில் மட்டும்தான். புறநோயாளிச் செலவுக்குச் செல்லாது. வி.ஏ.ஓ.விடம் வருமானச் சான்று வாங்கி, ரேஷன் கார்டு, ஆதாரோடு கலெக்டர் ஆபீஸில் உள்ள மையத்துக்குப் போக வேண்டும். படுத்த பிறகு இதற்கு அலைவதுதான் கொடுமை. அத்தை மகன் ஒரு வாரம் அலைந்தான்.

என் கணக்கில் 1,20,000-க்குள் வருமானம் உள்ளவர் தனியார் பாலிசிக்குக் கடன் வாங்க வேண்டாம், அட்டையை முதலில் வாங்கட்டும். சம்பளக்காரர் கம்பெனி பாலிசியை மட்டும் நம்பக்கூடாது. சிறியதாக ஒரு சொந்த பாலிசி, அதன்மேல் ஒரு சூப்பர் டாப்-அப் (குறிப்பிட்ட தொகைக்கு மேல் போகிற செலவை மட்டும் ஏற்கிற கூடுதல் பாலிசி). வெறும் டாப்-அப் வேண்டாம். வருடத்தில் இரண்டு முறை 4 லட்சம், 4 லட்சம் பில் வந்தால், 5 லட்சத்துக்கு மேல் தருகிற சாதா டாப்-அப் ஒரு பைசா தராது, எந்த பில்லும் தனியாக 5 லட்சத்தைத் தாண்டவில்லையே! சூப்பர் டாப்-அப் இரண்டையும் கூட்டி 8 என்று பார்த்து மேலே உள்ள 3 லட்சத்தைத் தரும். பெயரில் ஒரு சொல்தான் வித்தியாசம், பிரீமியத்திலும் பெரிய வித்தியாசம் இருக்காது.

எனக்கு இப்போது அறை வரம்பில்லாத 5 லட்சம் சொந்த பாலிசி இருக்கிறது. அப்பாவுக்குத் தனியாகக் கேட்டபோது ஒவ்வொரு பில்லிலும் 20 சதவீதம் நாமே கட்ட வேண்டும் என்ற நிபந்தனையோடுதான் கிடைத்தது. எடுத்துவிட்டேன். அவர் பாலிசியின் முதல் பக்கத்தில், வாடகை வரம்பு எழுதியிருக்கும் வரியைச் சிவப்புப் பேனாவால் வட்டமிட்டு, நகலை பீரோ கதவின் உள்பக்கம் அம்மா ஒட்டி வைத்திருக்கிறாள்.