ஹட்டன் மாஸ்டர் கிளப்பில் முதல் ஸ்பாரிங்: தைரியமாகப் போகலாம்

ஹட்டன் பக்கம் பொக்சிங் பழக நல்ல இடம் இருக்கா, பொம்பளப் பிள்ளைகளை நம்பி அனுப்பலாமா என்று கேட்கிறவர்களுக்காக இதை எழுதுகிறேன். இருக்கிறது, தாராளமாக அனுப்பலாம். டவுனில் மெயின் வீதியிலிருந்து பிரிகிற ஒரு சந்துக்குள், ஹார்ட்வெயார் கடைக்கு மேல்மாடி. பெயர்ப்பலகை எதுவும் கிடையாது, எல்லாரும் மாஸ்டர் கிளப் என்றுதான் சொல்வார்கள், ஓட்டோக்காரரிடமும் அப்படியே கேளுங்கள். நான் இங்கே எழுதப் போவது முக்கியமாக ஸ்பாரிங், அதாவது பயிற்சிக்காக இரண்டு பேர் மோதிப் பழகுவது பற்றித்தான். பையைக் குத்துவதும் கயிறு பாய்வதும் எங்கே போனாலும் கிட்டத்தட்ட ஒன்றுதான், ஆனால் புதிதாக வந்த ஒரு ஆளை முதன்முதலாக இன்னொரு ஆளுக்கு முன்னால் எப்படி நிறுத்துகிறார்கள் என்பதைப் பார்த்தால் அந்த இடத்தின் தரம் தெரிந்துவிடும்.

இதற்கு முன்னால் வேறொரு ஊரில் ஒரு ஜிம்முக்குப் போயிருக்கிறேன். அங்கே கைப்பட்டி கட்டக்கூடச் சரியாகத் தெரியாத ஒரு தம்பியை, வந்த கொஞ்ச நாளிலேயே, அவனைவிட நல்ல பாரமான ஒருவரோடு இறக்கிவிட்டு, சுற்றி நின்று போனில் வீடியோ எடுத்துக்கொண்டிருந்தார்கள். மூக்கில் இரத்தம் வந்த பிறகும் நிறுத்தவில்லை. அந்தத் தம்பி அதற்குப் பிறகு வரவே இல்லை. பயத்தைப் போக்குகிறோம் என்று அதற்குக் காரணம் வேறு சொன்னார்கள். எனக்கு அதில் இன்றைக்கும் கோபம் இருக்கிறது, ஏனென்றால் அப்படி அடி வாங்குகிற பிள்ளை கற்றுக்கொள்வது கண்ணை மூடிக்கொண்டு கையை வீசுவதை மட்டும்தான்.

மாஸ்டர் கிளப்பில் ஸ்பாரிங் என்ற பேச்சே உடனே வராது. நிற்கும் முறை, நடை, ஜாப் (முன்னால் வைத்திருக்கிற கையால் நேராக நீட்டுகிற குத்து), குத்திய கையைத் தாடைக்குத் திருப்பிக் கொண்டுவருவது, இதெல்லாம் மாஸ்டருக்குத் திருப்தியாகும் வரை நீங்கள் எவ்வளவு கெஞ்சினாலும் கிடையாது. பிறகு சோடி சோடியாக நிறுத்தி, ஒருவர் சொல்லிவிட்டுக் குத்த மற்றவர் தடுக்கிற பயிற்சி. அதுவும் பழகின பிறகுதான் ஒருநாள், "நாளைக்கு மவுத்கார்ட் கொண்டு வா புள்ள" என்று, பல்லுக்குப் போடுகிற காப்பைச் சாதாரணமாகக் கேட்பார்.

என் முறை வந்த அன்றைக்கு அவரே உட்கார்ந்து எனக்குக் கைப்பட்டி கட்டிவிட்டார். நாலரை மீற்றர் துணி, பெருவிரலில் மாட்டி, மணிக்கட்டைச் சுற்றி, முட்டியை மூடி, விரல் இடுக்குகளில் ஒவ்வொன்றாக விட்டு, மறுபடி மணிக்கட்டில் முடிப்பது. கட்டி முடித்ததும் கையை மடக்கச் சொல்லி, தன் உள்ளங்கையில் குத்தச் சொல்லி, இறுக்கமா என்று கேட்டு, ஒரு கையை அவிழ்த்துத் திரும்பவும் கட்டினார். கிளவுஸ் 16 அவுன்ஸ். பைக்குப் போடுகிற 10, 12 அவுன்ஸ் கிளவுஸை ஸ்பாரிங்குக்குத் தொடவே விடமாட்டார், எதிரில் நிற்கிறவருக்கு அடி உறைக்காமல் இருக்கத்தான் இந்தப் பஞ்சு என்பார்.

தலைக்குப் போடுகிற ஹெட்கார்ட் பற்றியும் அவர் பொய் சொல்வதில்லை, இது எனக்கு மிகவும் பிடித்தது. அதைப் போட்டுவிட்டால் தலைக்கு ஒன்றும் ஆகாது என்று பலர் நினைக்கிறார்கள். வெட்டு, சிராய்ப்பு, தலையும் தலையும் மோதுவது, இதற்கெல்லாம் அது உதவும், ஆனால் பலமான அடி விழுந்தால் மண்டைக்குள் மூளை குலுங்குவதை அது தடுக்காது. 2013இல் ஆண்களின் பெரிய அமெச்சூர் போட்டிகளில் ஹெட்கார்டை எடுத்துவிட்டார்கள், 2016 ரியோ ஒலிம்பிக்கில் ஆண்கள் அது இல்லாமல்தான் மோதினார்கள். ஆகவே பயிற்சியில் பாதுகாப்பு என்பது எதிரில் நிற்கிறவர் எவ்வளவு பலத்தோடு குத்துகிறார் என்பதில்தான் இருக்கிறது, அதற்குப் பொறுப்பு மாஸ்டர். அவர் ரிங்குக்குப் பக்கத்திலிருந்து ஒரு நிமிடம்கூட நகரமாட்டார், போன் வந்தால் எடுக்கவும் மாட்டார்.

எனக்குச் சோடி ஒரு அக்கா. என் பாரம்தான், ஆனால் பள்ளிக்கூடக் காலத்திலிருந்தே போட்டிகளுக்குப் போனவர். முதல் ரவுண்டில் இரண்டு பேருக்கும் ஜாப் மட்டும். இரண்டாவதில் நான் எதையும் குத்தலாம், அக்கா தடுக்க மட்டும்தான். மூன்றாவதில்தான் இருவரும் எல்லாவற்றையும் பயன்படுத்தலாம், அதுவும் பலத்தை அடக்கி. பெரிய போட்டிகளில் ஒரு ரவுண்ட் மூன்று நிமிடம், எங்களுக்கு இரண்டு நிமிடம். கேட்கும்போது எனக்கு அது ஒன்றுமே இல்லாத மாதிரித்தான் இருந்தது.

அக்காவின் முதல் ஜாப் நெற்றியில் டப் என்று பட்டது. வலிக்கவே இல்லை. ஆனால் உடம்பு அதைக் கேட்கவில்லை, தோள் இரண்டும் காது வரை ஏறி, கண் தானாக மூடி, மூச்சு அப்படியே நின்றுவிட்டது. "மூச்ச வுடு புள்ள, மூச்ச வுடு!" என்று மாஸ்டர் கயிற்றுக்கு வெளியே நின்று கத்துகிறார், எனக்குக் காதில் விழுகிறது, ஆனால் விட முடியவில்லை. ஒரு நிமிடம்கூட ஆகியிருக்காது, கிளவுஸ் இரண்டும் கொழுந்து நிறைந்த கூடை மாதிரிக் கனத்தது. ஹட்டன் ஏறக்குறைய 1,270 மீற்றர் உயரம், கொழும்பிலிருந்து வந்து பழகுகிறவர்கள் காற்று போதவில்லை என்று உயரத்தைச் சொல்வார்கள், சரி, ஓரளவு உண்மை. ஆனால் இங்கேயே பிறந்து தினமும் ஏற்றம் ஏறுகிற எங்களுக்கும் அதே இளைப்புத்தான், ஏனென்றால் பதற்றத்தில் மூச்சைப் பிடித்துக்கொள்கிறோம், தேவையில்லாத தசையை எல்லாம் இறுக்கிக்கொள்கிறோம். ஒவ்வொரு குத்துக்கும் 'ஷ்' என்று மூச்சை வெளியே விட வேண்டும் என்று பயிற்சியில் எத்தனை தடவை சொன்னாலும், அது ஏன் என்று அந்த இடத்தில்தான் புரிகிறது.

அந்த அக்காவைப் பற்றி நான் கட்டாயம் எழுத வேண்டும். நான் குத்திய கையை நெஞ்சு உயரத்தில் திருப்பி எடுத்த ஒவ்வொரு தடவையும், திறந்து கிடந்த என் கன்னத்தில் கிளவுஸை மெதுவாக வைத்து எடுத்தார். அடிக்கவில்லை, தொட்டார், அவ்வளவுதான். நாலைந்து தடவைக்குப் பிறகு என் கை தானாகவே தாடைக்குத் திரும்பத் தொடங்கியது. நான் அவருடைய கிளவுஸையே பார்த்துக்கொண்டிருந்ததைக் கவனித்து, "கைய பாக்காத தங்கச்சி, என் நெஞ்ச பாரு" என்றார். நெஞ்சைப் பார்த்தால் தோள் அசைவது முதலில் தெரிகிறது, கை எங்கிருந்து வரப்போகிறது என்பதும் தெரிகிறது. ஒரு ஜாப் மூக்கில் பட்டு எனக்குக் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. மூக்கில் பட்டால் யாருக்கும் அப்படி வரும், அது அழுகை இல்லை. அக்கா உடனே இரண்டு அடி பின்னால் போய், கையை இறக்காமல், நான் தலையாட்டும் வரை நின்றார். மூன்றாவது ரவுண்டில் என் ஜாப் ஒன்று அவருடைய நெற்றியில் நேராகப் போய் இறங்கியது. அவர் பலமாகத் தலையாட்டி "ஆ, அதுதான்!" என்றபோது எனக்கு வந்த சந்தோஷத்தைச் சொல்ல முடியாது. ஒரு ஆளுக்கு அடிக்கிற சந்தோஷம் இல்லை அது, சரியாக வந்துவிட்டது என்கிற சந்தோஷம்.

குறைகளும் இருக்கின்றன, மறைக்க மாட்டேன். உயர்த்திக் கட்டிய ரிங் இல்லை, தரையில் மெத்தைப் பாய் விரித்து நாலு பக்கமும் கயிறு கட்டியிருக்கிறார்கள், பாய்கள் சேருகிற இடத்தில் இடைவெளி விழுந்து கால் தடுக்குகிறது, அதைச் சீக்கிரம் சரிசெய்ய வேண்டும். ஹெட்கார்ட் கொஞ்சம்தான், எல்லாருக்கும் பொது, தென்மேல் பருவ மழைக் காலத்தில் எங்கள் ஊரில் போட்ட உடுப்பே காயாது, பிறகு ஹெட்கார்ட் எங்கே காயும்? சின்னத் தலைக்குப் பொருந்துகிறது ஒன்றே ஒன்று. பெண்களுக்கு உடுப்பு மாற்றத் தனி அறை இல்லை, திரை போட்ட ஒரு மூலைதான், கதவும் கொண்டியும் உள்ள ஒரு அறை கட்டாயம் தேவை. கூரை தகரம், பெரிய மழை பெய்தால் ரவுண்ட் மணி கேட்காது, மாஸ்டர் இரும்புக் கம்பியில் தடியால் தட்டுவார். குளிருக்கு உடம்பு சூடேற நேரமாகும் என்பதால் கயிறு பாய்வதை எல்லாருக்கும் நீட்டி வைக்கிறார், அதைக் குறையாகச் சொல்லமாட்டேன்.

கட்டணம் தோட்டத்தில் இரண்டு நாள் வேலைக்குக் கிடைக்கும் சம்பளத்தைவிடக் குறைவு, பாடசாலைப் பிள்ளைகளுக்கு அதிலும் பாதி. இது பெரிய விஷயம். கண்டியில் ட்ரினிட்டி கல்லூரி மாதிரி இடங்களில் படிக்கிற பிள்ளைகளுக்குப் பொக்சிங் பள்ளிக்கூடத்துக்குள்ளேயே கிடைக்கிறது, அவர்களுக்கு ஸ்டப்ஸ் கேடயம் போன்ற பாடசாலைப் போட்டிகளும் இருக்கின்றன. மஸ்கெலியா, பொகவந்தலாவை லயத்துப் பிள்ளை எங்கே போவது? 2018 கோல்ட் கோஸ்ட் பொதுநலவாய விளையாட்டில் இலங்கைக்குக் கிடைத்த ஆறு பதக்கங்களில் மூன்று பொக்சிங்கில் வந்தவை, அதில் ஒன்று அனுஷா கொடிதுவக்கு என்ற பெண் எடுத்தது. பெண்கள் பொக்சிங்கை ஒலிம்பிக்கில் சேர்த்ததே 2012 லண்டனில்தான். அனுஷாவின் படத்தை மாஸ்டர் சுவரில் ஒட்டி வைத்திருக்கிறார், வருகிற சின்னப் பிள்ளைகள் அதன் முன்னால் நின்று பார்க்கிறார்கள். தமிழ், சிங்களம் இரண்டு பிள்ளைகளும் வருகிறார்கள், மாஸ்டர் இரண்டு மொழியிலும் மாறி மாறித்தான் கத்துவார்.

ஸ்பாரிங் முடிந்ததும் யாரையும் உடனே வீட்டுக்கு விடமாட்டார். உட்கார வைத்து, பிளேன்டீ கொடுத்து, தலை வலிக்கிறதா, சத்தி வருகிறதா, வெளிச்சம் கூசுகிறதா என்று கேட்பார். ராத்திரியில் அப்படி ஏதாவது வந்தால் காலை வரை பார்த்துக்கொண்டிருக்காமல் டிக்கோயா ஆதார வைத்தியசாலைக்குப் போகச் சொல்லி வீட்டு ஆட்களுக்கும் போன் பண்ணுகிறார். இருவருக்கும் ஒன்றும் இல்லாவிட்டாலும் அடுத்த சில நாட்களுக்கு ஸ்பாரிங் கிடையாது, பை மட்டும்தான்.

போகிறவர்கள் மவுத்கார்ட் சொந்தமாக வாங்கிக்கொள்ளுங்கள், சுடுதண்ணீரில் போட்டுக் கடித்துப் பல்லுக்குப் பொருத்துகிற சாதாரண வகையே போதும். கைப்பட்டியும் இரண்டு சோடி வைத்திருங்கள், ஒன்று காயும் வரை மற்றது. வெள்ளிக்கிழமை கூட்டம் அதிகம், செவ்வாய்க்கிழமை போனால் மாஸ்டர் ஒவ்வொருவரையும் நின்று பார்ப்பார், அந்த அக்காவும் அன்றைக்கு வருவார். தூரத்துத் தோட்டங்களிலிருந்து வருகிறவர்கள் கடைசி பஸ் நேரத்தை முதல் நாளே மாஸ்டரிடம் சொல்லிவிடுங்கள், உங்கள் ரவுண்டை முதலில் வைத்து அனுப்பிவிடுவார்.